லீவுக்கு நகரும் வீடு

கொத்தனார் வீடு ஒவ்வொரு வருஷமும் முழுப்பரீட்சை முடிந்த கையோடு தெரு வழியாக நகர்ந்து போய்ப் பள்ளிக்கூட மதிலை ஒட்டி நிற்கும். பள்ளி திறந்த அன்று சாயங்காலம் திரும்பி வந்து தன் மனையில் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மின்சாரக்காரர் வந்து இந்தக் கம்பத்தில் கம்பியை அவிழ்த்து அந்தக் கம்பத்தில் மாட்டுவார். தபால்காரர் அந்த நாட்களில் கடிதங்களை மதிலோரம் கொண்டுபோய்ப் போடுவார். வீட்டு வரி மட்டும் பழைய இலக்கத்துக்கே வந்தது, ஏனென்றால் வரி போடுகிறவன் எதையும் நேரில் வந்து பார்ப்பதில்லை. கொத்தனாரின் பிள்ளைகள் மூன்று பேரும் படித்து முடிக்கிற வரைக்கும் வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. கடைசிப் பெண் பள்ளியை விட்ட வருஷம் முதல் தடவையாகக் கிளம்பியது. அப்போது கொத்தனார் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு கீறல் விழவில்லை. அவருக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. அஸ்திவாரத்தோடு எழுந்து, முக்கில் திரும்பி, மேடு ஏறி நின்ற வீட்டில் மயிரிழை விரிசல் கிடையாது. அன்று முதல் எந்த வேலைக்குப் போனாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுப்பார். "நான் கட்டுனது நடந்தே காட்டுது. மத்தவன் கட்டுனது நிக்கவே திணறுது."

அந்தப் பெருமைதான் வினையும் ஆனது. தண்ணீரை மாடிக்கு ஏற்றிக் காட்டுகிறேன் என்று குளியலறையை மேலே வைத்த மனிதர் அவர். மனைவிக்கு முழங்கால் போனபிறகு அந்தப் படிகள் எமனாகிவிட்டன. கடைசிப் பெண் தன் ஊரில், தன் வீட்டுக்கு அடுத்ததாக, படியே இல்லாத ஒரு வீட்டைப் பார்த்து வைத்தாள். பள்ளி திறக்கும் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இதை விற்றாக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருஷம் அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறி இறங்க வேண்டும்.

தரகர் வந்தார். பொல்லாதவர் இல்லை, பொய் சொல்லாவிட்டால் சோறு செரிக்காது, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை உள்ளவர்கள் லீவில்தான் வீடு தேடுவார்கள், பள்ளி திறப்பதற்குள் குடியேறப் பார்ப்பார்கள், திறந்துவிட்டால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்றார். இதுவரை சொன்னது நியாயம். அதற்கு மேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, வீடு மதிலை ஒட்டி நிக்கும்போது போர்டு மாட்டுவோம். திறக்கறதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிரும். அப்புறம் அது எங்க போனா நமக்கென்ன?"

"நான் கட்டுன வீட்டை ஏமாத்தி வித்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லணுமா? போய்யா அந்தப் பக்கம்" என்றார் கொத்தனார்.

அதோடு விடவில்லை. இருக்கிற இடத்திலேயே வைத்து விற்பதென்று லாரிச் சங்கிலி வாங்கிவந்து, நாலு மூலையிலும் இரும்புத் தூண் நட்டு, கான்கிரீட் ஊற்றி, வீட்டைக் கட்டிப்போட்டார். பரீட்சை முடிந்தது. வீடு இழுத்துப் பார்த்தது, முடியவில்லை. பள்ளிக்கூடப் பக்கமாகச் சாய்ந்து முறைத்துக்கொண்டு நின்றது. லீவு ஓடியது, பிள்ளைகுட்டியோடு ஆட்கள் வந்தார்கள். கதவு சாத்தவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, ஒரு குழந்தை கீழே வைத்த பந்து தானாக உருண்டு வாசல் தாண்டிப் போனது. பந்தின் பின்னாலேயே அவர்களும் போய்விட்டார்கள். கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாசற்படி கோணலாக நிற்பதைப் பார்ப்பதற்குச் செத்துப்போகலாம் என்றார்.

"பெத்ததுங்களையே நாம கட்டிப்போடல. இதைப் போய்க் கட்டிவச்சிட்டு நேர்மைங்கறீங்களே. அவுத்து விடுங்க. உண்மையைச் சொல்றதுக்கு உங்களுக்கு வாய் இல்லையா?" என்று படியில் உட்கார்ந்தபடி கேட்டாள் மனைவி.

அவிழ்த்துவிட்டார். வீடு நட்ட நடு மத்தியானத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஓடி மதிலோரம் நின்றது. கதவுகள் தாமாகப் பொருந்திக்கொண்டன. கொத்தனார் வாசலில் நாற்காலியைப் போட்டு, வந்தவர்களிடமெல்லாம், பள்ளி திறந்த அன்றைக்கே இது தெருக்கோடிக்குத் திரும்பிவிடும் என்று முதலிலேயே சொன்னார். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கத்திரிக்காய்ல புழு இருக்குன்னு கூவி விக்கறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன் அண்ணே."

"யாரைய்யா புழுங்கற? என் வீட்டையா?" என்று கொத்தனார் எழுந்ததில் தரகர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

லீவு தீர்கிற நேரத்தில் ஒரு பஸ் டிரைவரும், தையல் வேலை செய்யும் அவர் மனைவியும் வந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்து, விடியும் முன்பே கிளம்பி, பஸ்ஸில் தூங்கி வழிந்து பள்ளிக்கு வருகிற இரண்டு பெண் பிள்ளைகள் அவர்களுக்கு. கொத்தனார் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் அசரவில்லை. "நகர்றதுன்னா எனக்கென்ன பயம்? என் பொழப்பே அதுல தானே."

தையல்காரி மட்டும் கேட்டாள். "பிள்ளைங்க உள்ள இருந்தாலும் திரும்பிப் போயிருமாய்யா?"

"தெரியாதும்மா. உள்ள பிள்ளைங்க இருந்து அது நகர்ந்ததில்ல."

அவள் சுவரில் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தாள். துணி வாங்குகிறவள் விரலால் தேய்த்துப் பார்ப்பது போலச் சுற்றி வந்தாள். பிறகு சொன்னாள். "கேட்ட விலையே தர்றோம். இப்படிச் சொல்லி விக்கறவர்கிட்ட பேரம் பேசறது அழகில்ல."

பள்ளி திறந்தது. சாயங்காலம் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் வீடு எழுந்து, அவர்களோடு பழைய மனைக்கே திரும்பியது. சொன்னதுதானே நடந்தது என்று டிரைவர் சாமான்களை அடுக்கப் போனார். கொத்தனார்தான் அன்றிரவு முழுக்கத் தலை நிமிரவில்லை. மறுநாள் காலை சாமான் ஏற்றிய வண்டியில் மனைவியை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பும் நேரம், வீடு அசைந்தது. பெரியவளுக்குப் பாதி ஜடைதான் ஆகியிருந்தது. வீடு முக்கில் திரும்பியது, மேடு ஏறியது, பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியது.

பின்னாலேயே நடந்து போய் வந்த டிரைவர் சொன்னார். "திருப்பத்துல என்னமா ஒடிக்குது!"

"எவன் கட்டுனது?" என்றார் கொத்தனார்.

"பெத்ததுங்களைவிட இது ஒழுங்கு. வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அதன்பிறகு தினமும் காலையில் கொண்டுபோய் விடுகிறது, மணி அடிக்கும்போது வாசலில் போய் நிற்கிறது. காய்கறி வண்டிக்காரர் அந்த நேரத்துக்கு ஓரம் கட்டிக்கொள்கிறார். மழை நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஏறிக்கொள்கிறார்கள், தையல்காரி கால் துடைக்காமல் யாரையும் விடுவதில்லை. வீடு நின்று திரும்ப இடம் போதவில்லை என்று பள்ளிக்கூடத்தார் மதிலை இடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கட்டினது வேறு கொத்தனார். சுமார்தான்.