காற்றுப் பை

பீ லெங் கோழிச் சோற்றின் மேல் ஒட்டியிருந்த அலுமினியத்தாளைப் பிரிக்கும்போதுதான் விமான வைஃபை வழியே கைப்பேசியில் அண்ணனின் செய்தி வந்து விழுந்தது.

"அப்பாவ வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம். இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவள் தாளைத் திரும்ப மூடினாள். நேற்றுக் காலை பினாங்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துவிட்டு, "என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காரப் போறியா? வேலையப் பாரு, கிளம்பு" என்று விரட்டியவர் அப்பாதான். அதை நம்பி அவளும் கிளம்பிவிட்டாள். பிராங்பர்ட்டில் அவள் கம்பெனியின் கையுறைகளை வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள். நடுவானில் விமானத்தைத் திருப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பக்கத்து இருக்கையில் மேலாளர் காவ், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது படத்தில் இருந்தார். கழுத்தில் இரண்டு வலிப் பிளாஸ்திரி. ஏறியதிலிருந்து அந்தக் கற்பூர நெடி.

"சாப்பிடலன்னா இந்தப் பக்கம் தள்ளும்மா. கம்பெனி காசு, வீணாப் போகக் கூடாது."

அவள் தட்டைத் தள்ளினாள். மனுஷன் இரண்டையும் தின்று தீர்த்தார்.

அவர்கள் ஊர்ச் சீனக் குடும்பங்களில், வெளியே உயிர் போனால் உடலை வாசல் தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டார்கள். அதனால் மூச்சிருக்கும்போதே வீடு சேர்த்துவிட வேண்டும். ஆம்புலன்ஸ்காரர் வழிநெடுக ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி மூச்சைப் பிடித்து வைத்திருப்பார். கூடத்தில் கிடத்தியதும் பையை எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

"இன்னும் எடுக்கல," என்று அண்ணன் எழுதினான். "பீ லெங் வரட்டும்னு அம்மா ஒரே பிடிவாதம். நானும் சித்தப்பாவும் மாத்தி மாத்தி அமுக்கறோம்."

"அப்பா எப்படி இருக்கார்?"

பதிலுக்குக் காத்தபடி அவள் முன்னிருக்கையின் முதுகில் இருந்த திரையில் ஒரு சீட்டாட்டத்தைத் திறந்து, எதை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருந்தாள்.

"நாங்க அமுக்கினா நெஞ்சு ஏறுது. அவ்வளவுதான்."

இறங்கி, அடுத்த விமானம் பிடித்து, வீடு போய்ச் சேர நாளை மறுநாள் ஆகிவிடும். அதுவரைக்கும் அமுக்குவார்களா?

அண்ணன் மறுபடி எழுதினான்: "நீ சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க. நான் சொன்னா, ஏண்டா உனக்குக் கை வலிக்குதான்னு கேக்கறாங்க."

அப்பாவின் மூச்சை நிறுத்தும் வார்த்தை தன் வாயிலிருந்தா வர வேண்டும்? ஆட்டத்தில் தோற்றாள். இன்னொன்று ஆடி அதிலும் தோற்றாள். கழிவறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயிலும் மேகமும் மட்டும் இருந்தன.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பீ லெங் கைப்பேசியை வாயருகே வைத்து, வீட்டில் பேசும் ஹொக்கியன் சீனத்தில், யாருக்கும் கேட்காத குரலில் பேசிப் பதிவு செய்தாள்.

"அம்மா, என்னால வர முடியாதும்மா. அப்பா ரொம்பக் களைச்சுப் போயிருப்பாரு. விட்டுடு. அண்ணன் மேல கோபப்படாத. நான்தான் சொன்னேன்."

காவ் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணனின் செய்தி வந்தபோது சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போயிருந்தார்கள்.

"முடிஞ்சுது. அம்மா தானே பையை எடுத்தாங்க. நான் கண்ணாடியெல்லாம் மூடிக்கிட்டிருக்கேன்."

பெரியப்பா செத்த அன்று அப்பா இப்படித்தான் வீடு முழுக்க மூடினார். பிணம் கிடக்கும் வீட்டில் எதிலும் முகம் தெரியக் கூடாது என்று, டிவியைக்கூட விடாமல் காகிதம் ஒட்டினார்.

பீ லெங் ஆட்டத்தை அணைத்தாள். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. காகிதக் கைக்குட்டையை விரித்து அதன் மேல் செருகினாள். அது நழுவி மடியில் விழுந்தது. மறுபடி செருகினாள், மறுபடி விழுந்தது.

காவ் ஹெட்போனைக் கழற்றினார். காலடிப் பையைத் துழாவிப் பிளாஸ்திரிப் பொட்டலத்தை எடுத்து, பல்லால் கிழித்து, அவள் திரைமேல் கைக்குட்டையின் நான்கு மூலையிலும் ஒட்டினார். பிறகு தன் படத்தைப் பாதியில் அணைத்துவிட்டு, தன் திரைக்கும் ஒன்றை விரித்து ஒட்டினார்.

பணிப்பெண் வண்டியோடு வந்து நின்றாள். "திரை ஏதும் கெட்டுப்போச்சா சார்?"

"இல்லம்மா, நீங்க போங்க," என்றார் காவ்.

முன்வரிசைகளில் எல்லாத் திரைகளும் ஓடிக்கொண்டிருந்தன.