கடைசியில் ஒரு சைபர்

அறுபத்து மூன்று பேருடைய தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் கூடுதலாக இருந்தது. எல்லாமே கடைசியில் ஒரு சைபர். அதைப் பார்த்ததும் டேட்டாக்காரிக்குச் சிரிப்பு வந்தது. கீழே ரிசப்ஷனில் அரட்டை அடித்துக்கொண்டே கீபோர்டைத் தட்டினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்று கேட்காதீர்கள்.

அது ரத்த நோய்களுக்கான மருத்துவமனை. மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பத்திரமாக வைத்திருப்பது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் டேட்டாக்காரிதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அவசரத்தில் கட்டிவிட்டுப் போன அமைப்பு ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கீ-வேல்யூ ஸ்டோர் என்பார்கள். ஒரு சாவி, அந்தச் சாவிக்கு ஒரு பை, அவ்வளவுதான் விஷயம். இங்கே குடும்பத்தின் தொலைபேசி எண்தான் சாவி. பைக்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம், ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அதில் இருந்ததையெல்லாம் எஸ்க்யூஎல் என்ற புது அமைப்புக்கு அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். புதுசு அப்படியில்லை, படு கறார். எண்ணுக்கு இத்தனை இலக்கம் என்று கட்டம் போட்டால் அத்தனைதான் ஏற்கும். ஒரே எண் இரண்டாவது தடவை வந்தால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும்.

அந்த அறுபத்து மூன்றையும் அது திருப்பி அனுப்பியது. டேட்டாக்காரி சைபரை வெட்டினாள். வெட்டியதும், அதே எண்ணில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று மறுபடி திருப்பி அனுப்பியது. சரி, ஒரே குடும்பத்துக்குத் தவறுதலாக இரண்டு கோப்பு போட்டிருக்கிறார்கள், சேர்த்துவிட வேண்டியதுதான் என்று அவள் முடிவுகட்டினாள். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கும் அவளே விதி எழுதினாள். போன் நம்பர் இரண்டு இருந்தால் சாவியோடு பொருந்துவது நிற்கும். முகவரி இரண்டு இருந்தால் கடைசியாகப் பதிந்தது நிற்கும். நல்ல விதிதான். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"கீழ ஒரு வார்த்தை கேட்டுடலாமா சார்?" என்று மேனேஜரிடம் கேட்கத்தான் செய்தாள்.

"அவங்களைக் கேட்டா இந்த வருஷம் முடியாது. சேத்துட்டு பழசை அழிச்சிடு. ரெண்டையும் வெச்சுக்கிட்டு யாரு மாரடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழசை அழித்தாள். ஒரு நகல் மட்டும் எங்கோ தொலைதூரக் கிடங்கில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு வரிகூடப் பிழையில்லாமல் முடிந்ததில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ரிசப்ஷன் அக்கா மாடியேறி வந்தார். முட்டிவலிக்காரி, பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை.

"ஏம்மா, சைபர் போட்டுத் தேடினா ஒண்ணுமே வரலையே?"

"எந்த சைபர்க்கா?"

"கடைசில நாங்க போடுவோமே, அது."

"நீங்களா போட்டீங்க? தப்பா விழுந்ததுன்னு நினைச்சு நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்கா. ரெண்டு ரெண்டு கோப்பையும் சேத்துட்டேன்."

அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. படியேறியதால் மட்டும் வாங்கவில்லை.

கீழே ஐந்து வருடமாக நடந்து வந்த ஏற்பாடு அது. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சிக்கொண்டு சிலர் வருவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே கோப்பு என்பது மருத்துவமனையின் சட்டம். அக்காதான் வழி கண்டுபிடித்தார். அதே எண், கடைசியில் ஒரு சைபர். அடித்ததும் புதுக் கோப்பு திறந்துகொள்ளும். எண்ணைத் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், பழைய ரிப்போர்ட்டுகளும் கைக்கெட்டும். தகவல்கள் மட்டும் புதுப் பைக்குள் இருக்கும் ரகசிய நம்பருக்குப் போகும். வருகிறவர்கள் எண்ணைச் சொல்லி, கடைசியில் மெல்ல "சைபர்" என்பார்கள். கீழே இருந்த ஐந்து பெண்களுக்கும் இது தெரியும். மேலே ஒருவருக்கும் தெரியாது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"சட்டத்துக்கு விரோதமா ஒண்ணு பண்ணிட்டு அதை மாடில வந்து சொல்வாங்களா? சரி, மாத்தறதுக்கு முன்னாடி நீ எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"எட்டு மணிக்கு மெசேஜ் போயிருக்கும்ல?" என்றார் அக்கா. "இன்னிக்கு வர்றவங்களுக்கெல்லாம்?"

"போயிருக்கும். யாருக்கா?"

அக்கா சொன்னார். ஆறு வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். தாய்க்காரியின் இடது கையைப் புருஷன் இரண்டு இடத்தில் உடைத்தான். கட்டுப் பிரிப்பதற்குள் மறுபடி உடைத்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவள் போட்டிருந்த துணியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வேறு எங்கே போகாவிட்டாலும் இங்கே வந்தாக வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒத்துப்போகிற ரத்தம் இங்கேதான் கிடைக்கும். அவன் நாலைந்து தடவை வந்து விசாரித்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா பழைய கோப்பைத் திறந்து, "பாருங்க, உங்க வீட்டுக்காரம்மா வர்றதையே நிறுத்திட்டாங்க" என்று காட்டி அனுப்பினார்.

"இன்னிக்குப் பத்தரைக்கு வர்றா. மறுபடி கைல கெடச்சா உயிரோட விடமாட்டேன்னு சொல்லியிருக்கான்."

டேட்டாக்காரி முதல் வேலையாக எல்லாச் செய்திகளையும் நிறுத்தினாள். பிறகு அந்தக் குடும்பத்தின் கோப்பைத் திறந்தாள். எட்டு மணிக்குப் புருஷனின் போனுக்கு நினைவூட்டல் போயிருந்தது. எட்டு நான்குக்கு அவன் தன் போனில் மருத்துவமனையின் ஆப்பைத் திறந்திருக்கிறான். எட்டு ஆறுக்குக் குடும்ப விவரம் என்ற பக்கத்தைப் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் முகவரி இருந்தது. கடைசியாகப் பதிந்த முகவரி. அவள் எழுதிய விதி அதைத்தானே வைத்துக்கொள்ளச் சொன்னது.

"அவ நம்பரைக் கொடு, கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"நம்பர் இல்லக்கா. அதைத்தான் தூக்கிட்டேன்."

"என்னம்மா சொல்றே?"

"நகல் இருக்கு. ஆனா முழுசா வர நாலு மணி நேரம் ஆகும்." சொல்லும்போதே அவள் விரல்கள் நகலை வரவழைக்கும் கட்டளையைத் தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டிருந்தன. "உங்ககிட்ட எழுதி வெச்சது ஏதாவது?"

"யார் கண்ணுலயாவது படும்னு நான் எங்கேயும் எழுதலடி," என்றார் அக்கா. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அக்கா போலீசைக் கூப்பிட்டார். எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏதாவது நடந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள். மேனேஜரைக் கூப்பிட்டாள் டேட்டாக்காரி. அவர் மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் அக்கா முகவரியைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு டாக்சியில் கிளம்பினார். முட்டிவலியாவது ஒன்றாவது, படிகளில் இரண்டு இரண்டாக இறங்கினார். ஒருவேளை அந்தத் தாய் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பியிருந்தால்? அவளைப் பார்த்து நிறுத்துவதற்காக டேட்டாக்காரி கீழே கவுண்ட்டரில் வந்து நின்றாள். அவளுக்கு அந்தப் பெண்ணின் முகம்கூடத் தெரியாது. வருகிற ஒவ்வொரு தாயையும் பார்த்தாள். ஒவ்வொரு குழந்தையின் வயதையும் மனதுக்குள் கணித்தாள்.

பத்து மணிக்கு அக்காவின் போன் வந்தது.

"வீடு பூட்டியிருக்கும்மா. புருஷன் வந்து கூட்டிட்டுப் போனாராம். பக்கத்து வீட்டம்மா சொல்றா, எவ்வளவு மரியாதையான மனுஷன், செருப்பைக்கூட வெளியே கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போனாராம்."

பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். குழந்தை அவன் தோளில், கையில் பிரிக்காத பொம்மைப் பெட்டியோடு. பின்னால் மூன்றடி தள்ளி அவள் வந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் அவ்வளவு அவசரப்படுகிற ஆள் இல்லை.

அவன் நேராகக் கவுண்ட்டருக்கு வந்து எண்ணைச் சொன்னான். சைபர் இல்லாமல் சொன்னான்.

"புது சிஸ்டம் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஒரு வருஷமா தேடறேன், உங்க மெசேஜ் வரலேன்னா என் பொண்ணை நான் பாத்திருக்கவே முடியாது."

"அப்பா வந்துட்டாரு," என்றது குழந்தை எல்லோருக்கும் பொதுவாக.

டேட்டாக்காரி அவனிடம், "ரத்தம் ஏத்தறப்ப ஒருத்தர்தான் கூட இருக்கலாம், அம்மா மட்டும் வரட்டும்" என்றாள்.

"நான் இருக்கேன்," என்றான் அவன். "அவ இங்க உக்காரட்டும். பொண்ணை விட்டுட்டு அவ எங்க போயிடப் போறா?"

குழந்தையோடு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு மூடியதும் டேட்டாக்காரி ஓடிப்போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பின்னால ஒரு வாசல் இருக்கு. நான் வண்டி கூப்பிடறேன். ஒளிஞ்சிருக்க இடம் பாத்துத் தர ஆளுங்க இருக்காங்க, கேட்டு வெச்சிருக்கேன். நீங்க போங்க, பொண்ணை நாங்க எப்படியாவது..."

"எப்படியாவதுன்னா எப்படி?" என்றாள் அந்தப் பெண். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். டேட்டாக்காரி கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க யாரு? அக்கா எங்கே?"

"அக்கா உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க. நான் மாடில வேலை பாக்கறேன். சைபரை எடுத்தது நான்தான். உங்களைத் தெரியாமலே பண்ணிட்டேன். என்னை நீங்க செருப்பால அடிச்சாலும் தகும்."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அறை விட்டிருந்தால்கூட டேட்டாக்காரிக்கு மூச்சு திரும்பியிருக்கும். அந்தப் பெண்ணின் கண்கள் கண்ணாடிக் கதவுக்கே போய்விட்டன.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சைபரைத் திரும்பப் போட்டுடுவேன்," என்றாள் டேட்டாக்காரி. "உங்க நம்பரும் வந்துடும்."

"எதுக்கு? இனிமே நான் அவர் வீட்டுலதானே இருக்கப்போறேன்." இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டாள். "நம்பர் அவரோடதே இருக்கட்டும். அட்ரஸை மட்டும் மாத்திடுங்க. தப்பான அட்ரஸ் இருந்தா, இன்னும் மறைக்கறியான்னு கேப்பாரு."

"வேணாங்க. கொஞ்சம் பொறுங்க, அக்கா வந்துடட்டும்."

"அவர் வெளிய வர்றதுக்குள்ள மாத்திடுங்க. போன்ல பாப்பாரு."

டேட்டாக்காரி எழுந்து கவுண்ட்டருக்குப் போனாள். அந்தப் பெண்ணும் கூட வந்து எதிரே நின்றாள். திரையில் முகவரிக் கட்டம் திறந்தது. ரசீது எழுத வைத்திருந்த பேனாவை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்தப் பெண் வீட்டு எண்ணைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். மாடியா கீழ்வீடா என்று ஒரு கேள்வி இருந்தது. மாடி, மூணாவது மாடி என்றாள். டேட்டாக்காரி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அடித்தாள்.