பதினொரு செக்கன்

1

முதலிலேயே உண்மையைக் கொட்டிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கத்தான் உட்துறைமுக வீதியில் இருக்கும் றுஷ்தாவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். கதிரையில் அமர்ந்து, காது தெரியும்படி முடியை ஒதுக்கி, நாடியை உயர்த்திய நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஒன்றரை மணித்தியாலமாக வரவில்லை.

"நீங்க கதை எழுதிற ஆள்தானே," என்றாள் றுஷ்தா. "என்னட்ட ஒரு விசயம் இருக்கு. எழுதினா என்ர பேரை மாத்தப்படாது. ஜமால்தீன் மாமாட்டயும் கேட்டுப்போட்டுத்தான் எழுதோணும்."

இரண்டுக்கும் ஓம் என்றேன். மாமாவிடமும் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் என் வில்லங்கம் தொடங்கியது. முதல் தொடக்கம் இப்படி வந்தது:

'கடலின்மீது இருள் கவிந்துகொண்டிருந்த அந்த மாலையில், றுஷ்தாவின் விரல்கள் விசைப்பலகையில்—'

பொய். அது காலை பத்தரை மணி. ஸ்டூடியோவிலிருந்து கடலும் தெரியாது, எதிரே டயர்க் கடைதான் தெரியும். திருகோணமலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகவே கடலை இழுத்துக்கொண்டு வருகிறது, என்ன செய்ய. அடுத்தது:

'ஒலிக்கோப்பு என்பது, அடிப்படையில், காற்றின் அசைவை எண்களாக—'

இது பாடப்புத்தகம். இரண்டையும் அடித்துவிட்டேன், ஆனால் கிழித்து எறியவில்லை. நான் எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

ஜமால்தீன் மீன் ஏலம் கூறுகிறவர். இல்லை, கூறியவர். அவர் கரையில் நின்று பாரைக்கு விலை சொன்னால் பஸ் நிலையத்தில் நிற்கிறவனுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். முப்பது வருடம் கத்திய தொண்டை அது. அதற்குள் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தப்பும் என்று டாக்குத்தர்கள் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். அவர் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்கு மகள் நப்லாவின் கலியாணத்தை இழுத்து வைத்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கிற வார்த்தையைத் தகப்பன் சொல்ல வேண்டும். ஏலாவிட்டால் மௌலவியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம், பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஜமால்தீன் மாட்டேன் என்றுவிட்டார். ஊருக்கெல்லாம் மீன் விற்ற குரல் மகளுக்கென்று ஒரு வரி சொல்லாமல் போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. மணப்பெண் வீட்டில் இருந்தாள், அதுதான் வழக்கம். ஆகவே அந்த வரி யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவளுக்கு மட்டும் அது கேட்கவில்லை. "வீடியோ வந்தா கேட்பன்தானே, வாப்பா," என்று நப்லா சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை குரல்வளை போனது. இந்தப் பக்கங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார், நப்லா எங்கும் போகவில்லை. பேசாத வாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபடி, ஆறு கிழமையாக அந்த வீடியோவுக்குக் காத்திருந்தாள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பள்ளிக்குள் எல்லோருடைய ஃபோனையும் மௌலவி அணைக்கச் சொல்லிவிட்டார். றுஷ்தாவின் கமராக்காரன் சஜீத், வியர்க்கிறதே என்று, ஆளுயர ஃபேன் ஒன்றுக்குப் பக்கத்தில் கமராவை நட்டிருக்கிறான். கமராவில் பதிந்த சத்தம் முழுவதும் ஃபேன்தான். சஜீத்தைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். தூக்கினால் அவன் பிழை என் தலையில் விழும், இருக்கட்டும்.)

மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒலிபெருக்கி கட்டிய மூதூர் பக்கீர், தன் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சின்ன ரெக்கோடரில் பதிந்து வைத்த கோப்பு.

3

அந்தக் கோப்பை றுஷ்தா வீடியோ வெட்டுகிற மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டாள். 'இந்த வகைக் கோப்பை ஏற்க முடியாது' என்றது அது. இன்னொருமுறை போட்டாள். அதே பதில்தான். பின்னால் கதிரையில் ஜமால்தீன், மடியில் நாற்பது பக்கக் கொப்பியோடு இருந்தார். இப்போது அவருடைய கதையெல்லாம் அந்தக் கொப்பியில்தான்.

றுஷ்தா கோப்பின் பெயரைப் பார்த்தாள்: 786.நப்லா.நிக்காஹ். பக்கீருக்கு ஃபோன் எடுத்தாள்.

"பக்கீர் நானா, ஃபைலுக்குப் பேர் மாத்தினீங்களா?"

"ஓம் தங்கச்சி. பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலா 786 போடாம என்ர கையால ஒரு ஃபைலும் வெளியில போகாது. கலியாணச் சாமான் வேற."

"போட்டது நல்லம். நடுவுல புள்ளி ஏன் வெச்சீங்க? கடைசியில இருந்த எழுத்தெல்லாம் எங்க?"

"அந்த இங்கிலீசு வால்தானே? பார்க்க அசிங்கமாக் கிடந்துது, அழிச்சுப்போட்டன்."

கணினி கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் கோப்பின் இனம் என்று நம்பும். 'நிக்காஹ்' என்று ஓர் இனத்தை உலகத்தில் எந்த மென்பொருளும் கண்டதில்லை. றுஷ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிரதி எடுத்து, பக்கீர் அழித்த வாலை ஒட்டிவிட்டாள். இந்த முறை கோப்பு மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. திரையில் ஒலியின் படம் மேடும் பள்ளமுமாக நீளத்துக்கு விரிந்தது. ஜமால்தீன் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

றுஷ்தா ஓடவிட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

4

(இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். கோப்பு வெறுமையாகவே இருந்துவிட்டால் கதை சுலபமாக முடியும். சோகமாக முடிந்தால் ஆழமான கதை என்றும் சொல்வார்கள். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.)

றுஷ்தா விடுகிற ஆளில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தாள், வேறு பாட்டுக்கு அது நன்றாகவே பாடியது. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள், மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. கோப்பை வேறு வகைக்கு மாற்றிப் பார்த்தாள். தன் பழைய ஃபோனில் ஏற்றி, அதன் ஒற்றை ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள். எதுவும் சரிவரவில்லை. ஆனால் திரையில் மேடு இருந்தது, பள்ளம் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற குரல் காதுக்கு வர மறுத்தது.

ஜமால்தீன் கொப்பியில் எழுதிக் காட்டினார்: 'இல்லையா மகள்?'

"இருக்கு மாமா. இருக்கிறது தெரியுது. ஏன் கேக்குதில்ல எண்டுதான் விளங்குதில்ல."

அவர் அடுத்த வரியை எழுதினார்: 'வீட்ட போய் அவளுக்கு என்ன சொல்லுற?'

றுஷ்தா திரும்பி ஒலியின் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு செக்கனை நூறாகப் பிளந்து திரை முழுக்க நிரப்பினாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு: இடப்பக்க ஒலி, வலப்பக்க ஒலி. மேல்கோடு ஏறுகிற இடத்தில் கீழ்க்கோடு அதே அளவு இறங்கியது. மேல்கோடு இறங்குகிற இடத்தில் கீழ்க்கோடு அதே அளவு ஏறியது. மயிரிழை பிசகவில்லை.

நடந்தது இதுதான். பக்கீரின் பெட்டி, தூரத்துக்குப் போகிற வயரில் ஒரே சத்தத்தை இரண்டாக அனுப்பும், ஒன்றை நேராக, மற்றதைத் தலைகீழாக. வழியில் சேர்கிற இரைச்சலைக் கழிக்க அது நல்ல ஏற்பாடு. பக்கீர் தானே ஒட்டிய வயர், நேரானதை இடப்பக்கத்திலும் தலைகீழானதை வலப்பக்கத்திலும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. றுஷ்தாவோ கலியாண வீடியோக்களுக்கு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவாள், எந்த ஃபோனிலும் கேட்கட்டும் என்று. ஒரு கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் ஒரே பலத்தோடு தள்ளினால் கதவு அசையுமா? குரல் இல்லாமல் போகவில்லை. இரண்டு தடவை இருந்தபடியால்தான் கேட்கவில்லை.

இதை அவள் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த உலகத்தில் நாம் வெறுமை என்று எண்ணிக் கடந்துபோனதில் எவ்வளவு—

வேண்டாம். தத்துவம் பேச வெளிக்கிட்டால் ஜமால்தீன் காத்திருப்பார். அவர் ஏற்கெனவே ஆறு கிழமை காத்திருந்தவர்.

5

றுஷ்தா கீழ்க்கோட்டை அணைத்தாள்.

பிஸ்மில்லாஹ் என்றது ஒரு குரல். கரகரத்த, பெரிய, கரையில் நின்று கூவுகிற குரல். ஸ்பீக்கர் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது. எதிர் டயர்க் கடைக்காரர் எழும்பி நின்று ஸ்டூடியோவைப் பார்த்தார், அவருக்கும் அந்தக் குரலைத் தெரியும்.

"அல்லாஹ், இவ்வளவு நேரமும் இதுக்குள்ளயா இருந்துது," என்றாள் றுஷ்தா.

ஜமால்தீன் தன் தொண்டைத் துளையை மூடியிருந்த துணியில் கையை வைத்தார். குரல் வெளியே இருந்தது, அவர் இங்கே இருந்தார். தன் குரலை எதிரே வைத்து ஒரு மனிதன் பார்க்கிற பார்வையை எப்படி எழுதுவது? மூன்று வசனம் எழுதி மூன்றையும் அடித்தேன். அவர் பார்த்தார். அவ்வளவுதான்.

குரல் சொன்னது: "என்ர மகள்—"

அதோடு நின்றுவிட்டது. றுஷ்தா திரையைப் பார்த்தாள். கோப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு கேட்டது, ஏறியும் சிக்கியும் வருகிற மூச்சு. பிறகு மைக்குக்கு எட்டத்தில் மௌலவியின் தணிந்த குரல்: "ஏலாட்டி நான் சொல்லட்டா, ஜமால்தீன்?" அதற்குப் பதில், கிட்டத்தட்ட அழுகை: "இல்ல. நான்தான் சொல்லோணும்." இன்னும் மூச்சு. அதற்குப் பின்னர்தான் முழு வரியும், முதலிலிருந்து, உடையாமல் வந்தது.

றுஷ்தா அளந்து பார்த்தாள். நின்ற இடம் பதினொரு செக்கன்.

6

ஜமால்தீன் எழுதினார்: 'அந்த இடத்த வெட்டுங்க.'

"எதுக்கு மாமா?"

'வாப்பா பயந்துட்டார் எண்டு நினைப்பாள். நான் பயப்படுற ஆள் இல்ல எண்டுதான் அவள் வளந்தவள்.'

"மாமா, எல்லாக் கலியாணத்திலயும் வாப்பாமார் இந்த வரியச் சொல்லுற. நான் எத்தனையோ வெட்டியிருக்கிறன். இப்பிடி ஒண்டு கேட்டதில்ல." றுஷ்தா திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பதினொரு செக்கனிலதான் நீங்க அவளக் குடுத்திருக்கிறீங்க."

அவர் 'வெட்டுங்க' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார்.

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று: றுஷ்தா அவர் சொல்படி வெட்டுகிறாள், நப்லா தடையில்லாத வரியைக் கேட்டுப் பூரித்துப் போகிறாள், அந்த இடம் றுஷ்தாவின் கணினியில் மட்டும்— மற்றது: றுஷ்தா தெரியாமல் வெட்டாத கோப்பையும் கொடுத்துவிடுகிறாள், நப்லா கேட்டுவிட்டு வாப்பாவின்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு திருட்டு இருந்தது. முதலாவது நப்லாவிடமிருந்து எடுக்கிறது, இரண்டாவது ஜமால்தீனிடமிருந்து.

நடந்தது வேறு. றுஷ்தா மவுஸைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "இது உங்கட சாமான். நீங்களே வெட்டுங்க மாமா. இதில அமத்தினாப் போதும்." அவர் வெட்டவில்லை. திரும்ப ஓடவிட்டார். பிறகு இன்னொருமுறை. நான்காம் தடவை அந்தப் பதினொரு செக்கனை மட்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐந்தாம் தடவைக்குக் கையை வைத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு நப்லா உள்ளே வந்தாள். காலையில் போன வாப்பாவைக் காணவில்லை என்று தேடி வந்திருந்தாள்.

"கிடைச்சுதா வாப்பா?" என்றாள்.

7

அவர் என்ன செய்தார் என்று றுஷ்தா சொன்னாள். எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். கோபிக்காதீர்கள். அது அவர் கையில் இருந்த முடிவு. அதை வாங்கி உங்களிடம் விற்க நான் ஏலம் கூறுகிறவன் அல்ல.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட ஏலாது. இவ்வளவு எழுதியும் அவர் குரலில் ஓர் எழுத்தைக்கூட இந்தத் தாளில் ஏற்ற என்னால் முடியவில்லை. மேடும் பள்ளமும் தெரிகிறது, சத்தம் இல்லை. தொண்டையை நீங்கள்தான் தர வேண்டும்.

அவர் சொன்ன வரி கீழே இருக்கிறது. மனதுக்குள் வாசிக்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு சொல்லுக்குப் பிறகு நிற்பதா, நிற்காமல் போவதா என்பது உங்கள் பாடு. நப்லா வாசலில் நிற்கிறாள், நீங்கள் வாசிக்கிறபடிதான் அவளுக்குக் கேட்கும்.

"என்ர மகள் நப்லாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."