பழுப்பு ஆடு, ஒன்று

எங்கள் வைகோடரே ஊர் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது ஹுயாவின் வேலை. கணினி படித்ததால் வந்த வேலை இல்லை. முன்பொருமுறை பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை அவள் இழுத்தெடுத்தாள். அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடும் எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். செப்டம்பரில் நகராட்சி ஒரு புது மென்பொருளை வாங்கி எங்கள் தலையில் கட்டியபோது அதுவும் அவள் மேசைக்கே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நினைவூட்டல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, ஊழியர்கள் ஆறு பேருக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும். நிஜப் புத்தகத்தின் பெயரைப் போட்டால் பின்னால் குழப்பம் வரும் என்று தலைமை நூலகர் கொலீன் சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியில் இருக்கும் நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் குழந்தைகள் பிரிவில் கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஹுயா தன் மேசையிலிருந்தே கேட்டாள்.

"நம்ம நூலகத்துல நிச்சயமா இல்லாத பொருள் ஒண்ணு சொல்லேன்."

"ஆடு," என்றேன். கையில் இருந்த படத்தில் ஆடுதான் இருந்தது.

"என்ன நிறம்?"

"பழுப்பு."

என் பங்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் எழுதியது. 'அன்புள்ள வாசகரே, நீங்கள் எடுத்துச் சென்ற "ஆடு, பழுப்பு, ஒன்று" வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் திருப்பித் தரவும். மற்றொரு வாசகர் இதற்காகக் காத்திருக்கிறார்.' கடைசி வரியை மென்பொருள் தானாகவே சேர்த்துக்கொள்ளும். யாருக்கு என்ற கட்டத்தில் 'எல்லோரும்' என்று இருந்தது. எல்லோரும் என்றால் நாங்கள் ஆறு பேர் என்று ஹுயா நினைத்தாள். உறுப்பினர் எல்லோரும் என்று மென்பொருள் நினைத்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

முதலில் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அடுத்து, செய்தித்தாள் மேசையில் இருந்தவரின் போன். பிறகு ஜன்னலோரம் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஏழு பெண்களின் கைப்பைகளும் ஒன்றாக ஒலித்தன. ஊசிகள் நின்றன. எல்லோரும் படித்தார்கள். பிறகு எல்லோரும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்கள்.

"நான் புத்தகம் மட்டுந்தான எடுத்தேன்," என்றார் அவர்களில் ஒருவர், சந்தேகத்தோடு.

ஹுயா திரையில் 'எல்லோரும்' என்று இருந்ததை மறுபடி படித்தாள். அவள் எதுவும் சொல்வதற்குள் மேசைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அன்று மாலைவரை அது நிற்கவில்லை.

ஒரு மனிதர் சத்தியம் செய்தார். "நான் திருப்பிக் குடுத்துட்டேங்க. ஞாயித்துக்கிழம வாசல் பெட்டியில போட்டேன்."

"ஆட்டையா?"

"எது எடுத்தேனோ அத."

இன்னொரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "என் கார்டுல அவர்தான் எடுத்திருப்பாரு. இருங்க, கேக்குறேன். போன வைக்காதீங்க." பின்னணியில் ஒரு ஆண் குரல் வெகுநேரம் மறுத்துக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர், காத்திருக்கும் அந்த மற்றொரு வாசகரின் பெயரை எழுத்துமூலம் கேட்டார். யாரோ ஒருவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் இன்னும் இரண்டு வாரத்துக்குப் புதுப்பித்துத் தரச் சொன்னார். அவருக்கு மனசாட்சி எதில் குத்தியதோ தெரியாது.

இதற்கு நடுவே வேறொரு வகை அழைப்பும் வந்தது. எங்கள் ஊர் மேட்டு நிலமெல்லாம் மஞ்சள் பூ பூக்கும் முட்புதர். வெட்ட வெட்ட முளைக்கும்; ஆடு மட்டும்தான் அதை ரசித்துத் தின்னும். "ஆடு குடுக்கிறீங்கன்னு சொல்லவே இல்லியே, எப்படிப் பதிஞ்சு வைக்கிறது?" என்று கேட்டு மதியத்துக்குள் பதினொரு பேர் கூப்பிட்டார்கள். மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் ஹுயா எல்லார் பெயரையும் ஒரு தாளில் குறித்துவைத்தாள்.

கொலீன் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அவர் குரலை உயர்த்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"ஹுயா, மேயருக்கும் ஒரு ஆடு போயிருக்கு போல."

"எல்லாருக்கும் போயிருக்குங்க."

"மேயர் பதறிட்டாரு. தன் உதவியாளர்கிட்ட தேடச் சொல்லியிருக்காரு."

ஹுயாவின் கண் கலங்கிவிட்டது. கொலீன் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திருத்தச் செய்தி ஒன்றைத் தானே எழுதிக் கொடுத்தார். நாங்கள் மூவரும் மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினோம். போன பிறகு என் போனில் வந்ததைப் படித்தேன்.

'தயவுசெய்து ஆட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மற்றொரு வாசகர் இதற்காகக் காத்திருக்கிறார்.'

"அந்தக் கடைசி வரி," என்றார் கொலீன்.

"தானா சேர்ந்துக்கும்," என்றாள் ஹுயா மெல்ல.

கொலீன் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்கும்தான்.

இரண்டு மணி இருக்கும். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து ஒரு ஆட்டைக் கயிற்றோடு இறக்கினார் டெஸ் டல்லக். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பால் மாடு வளர்ப்பவர். துப்பறியும் கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பவர். ஆடு பழுப்புதான். ஒன்றுதான். கதவு தானாகத் திறந்ததும் அது டெஸ்ஸுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்மா," என்றார் ஹுயாவிடம். "இது உங்களுதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. ஏப்ரல்ல எங்கிருந்தோ வந்துச்சு. அன்னிலேர்ந்து என் பொண்டாட்டி வச்ச செடி ஒண்ணையும் விடல. நகராட்சிக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், யாரும் வரல. இப்பதான் ஒழுங்காத் தகவல் வந்துச்சு."

"இல்லங்க, அது வந்து... சோதனைக்காக..."

"சோதனையேதான்மா. அஞ்சு மாசமா."

"நாங்க ஆடு எதுவும் குடுக்கிறதில்லைங்க."

டெஸ் போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக் காட்டினார். ஆடு, பழுப்பு, ஒன்று. ஒரு விரலால் போனைத் தட்டினார். அதே விரலால் ஆட்டையும் காட்டினார். அது அதற்குள் சமையல் புத்தகங்களின் பக்கம் போய்விட்டிருந்தது.

"முப்பது வருஷமாக் கார்டு வச்சிருக்கேன். ஒரு நாளு பிந்தினதில்ல. வாங்கிக்கிட்டதுக்கு சீட்டு குடுத்துரும்மா. நான் போயி பால் கறக்கணும்."

ஹுயா கொலீனைப் பார்த்தாள். "குடுத்துரு," என்றார் கொலீன். சீட்டு வேண்டுமென்றால் கணினியில் 'வந்து சேர்ந்தது' என்று அழுத்தியாக வேண்டும். காலையில் சோதனைக்காக உண்டாக்கிய பதிவு அழியாமல் அங்கேயே இருந்தது. அழுத்தினாள். சீட்டு வந்தது. டெஸ் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடக்கையில், அவர் போன், என் போன், கம்பளிப் பெண்களின் ஏழு கைப்பைகள் எல்லாம் மறுபடி ஒலித்தன.

'நன்றி. ஆடு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.'

ஜன்னலோரத்தில் யாரோ கைதட்டினார்கள். அதற்குப் பிறகு தொலைபேசியில் வாழ்த்துகள்தான் வந்தன. சத்தியம் செய்த மனிதர் மட்டும், "நான்தான் பெட்டியில போட்டேன்னு சொன்னேன்ல?" என்றார்.

ஹுயா உள்ளறைக்குப் போய் ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தாள். கொலீன் அதைப் படித்துவிட்டு அப்படியே மடித்தார்.

"நீ போயிட்டா பிரிண்டர யாரு பாப்பாங்க?"

"நான் ஊரையே கேலிக்கூத்து ஆக்கிட்டேங்க."

"இந்த ஊருக்குப் போன வருஷம் முழுக்க அனுப்பின செய்தியெல்லாம் சேத்தாலும் நூறு பேரு படிச்சிருக்க மாட்டாங்க. இன்னிக்கு மேயரே படிச்சிருக்காரு. அது கெடக்கட்டும், அந்த ஆட்ட முதல்ல எறக்கு. வரலாறு அலமாரியில ஏறுது."

பதினொரு பேர் பட்டியலில் முதல் பெயர் வின்சம் பராட்டா. துறைமுகத்துக்கு மேலே செங்குத்தான முட்சரிவில் தனியாக இருப்பவர். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஹுயா கூப்பிட்ட அரைமணியில் வந்துவிட்டார். ஆட்டின் பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடைசியாகத் தன் கார்டை நீட்டினார்.

"எத்தன நாளு வச்சிக்கலாம்?"

விதியை ஒரு நாளும் வளைக்காத கொலீன் கொஞ்சம் யோசித்தார். "எல்லாத்துக்கும் மூணு வாரம்தாங்க. மேல வேணும்னா போன் பண்ணுங்க."

இரண்டாவது வாரமே போன் வந்தது. ஹுயாதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொலீன், வின்சம் பேசுறாங்க. ஆடு நேத்துக் குட்டி போட்டிருச்சாம். ரெண்டு. அதுங்களையும் அதே தேதிக்குத் தரணுமான்னு கேக்குறாங்க."

கொலீன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுங்க புதுவரவு," என்றார். "தனித்தனிப் பதிவு போடு. என்ன நிறம்னு கேளு."