வாசலை அடைத்த கார்

மீனாள் ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவந்தது. கூலாய் ஊர் முதியோர் இல்லத்திலிருந்து, அவளைப் பெற்ற அப்பச்சி இன்று வீட்டுக்கு வருகிறார்.

பக்கவாதம் வந்தபின் அவர் அங்கேதான் இருந்தார். கார் நிற்கும் போர்ச்சில் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு கட்டினால் அழைத்துக்கொள்ளலாம். தம்போயில் உள்ள பட்டறைக்குக் கார் போகும்போது கட்டிவிடலாம் என்று அவள் கணவன் வயிரவன் சொல்லியிருந்தான். கார் போனது. சரிவு கட்டவில்லை. நேற்று கார் திரும்பி வந்துவிட்டது. அழைத்துக்கொள்வதாக இல்லத்தில் சொல்லியிருந்த நாளோ இன்று.

ஐம்பதுகளில் செய்த கேடிலாக். கூரை மடங்கும். பால் நிறம், வெள்ளைத் தோல் இருக்கை. ஜொகூர் மாநிலத்திலேயே இது ஒன்றுதான் என்று வயிரவன் கண்டவரிடமெல்லாம் சொல்வான். அதன் மூக்கு வீட்டுக் கதவை முட்டியது. பின்பாதி போர்ச்சைத் தாண்டி கேட் வரை நீண்டது. உள்ளே போக, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். மெழுகு வாடை சோற்றிலும் அடித்தது. காலையில் பல் துலக்கும் முன் வயிரவன் அதைத் துடைப்பான். ஒருநாள் விரலை நாக்கில் தொட்டு, கதவிலிருந்த புள்ளியை எச்சிலால் அழித்தான். அதன் பிறகு அந்தக் கை நீட்டிய எதையும் மீனாள் வாங்கித் தின்றதில்லை.

இல்லத்து வேன் வந்தது. ஓட்டுநர் செல்வா நாற்காலியை இறக்கினான். அப்பச்சியை கேட்டருகே விட்டுவிட்டு போனை எடுத்தான்.

"அலமாக், என்ன வண்டி சார்," என்று வாயைப் பிளந்தான்.

படம் எடுத்துக்கொள், கைமட்டும் வைக்காதே என்றான் வயிரவன்.

தூறல் விழுந்தது. வயிரவன் உள்ளே நுழைந்து குடையோடு வந்தான். அப்பச்சிக்குத்தான் என்று ஒரு கணம் மீனாள் நம்பினாள். அவன் அதைப் பின்சீட்டுக்கு மேல் விரித்துப் பிடித்தான். கூரையை ஏற்றினால் அதன் புதுத் துணி நனையுமாம். அப்பச்சியின் வழுக்கையில் நீர் வழிந்தது.

"காரை ரோட்டுக்கு எறக்குங்க. அப்பச்சி நனையிறாங்க."

"மழையில எப்படி எறக்குறது? கொஞ்சம் பொறு லா." அவன் தட்டைப் பார்த்தான். "வண்டியும் நேத்துதான் வந்துச்சு. அதுக்கும் சேத்துச் சுத்திரு."

மீனாள் அப்பச்சியைப் பார்த்தாள். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயில் எச்சில் இறங்கியது. நல்ல கையை நீட்டி, குரோம் விளிம்பை மெல்லத் தடவினார். தன் கன்னத்தை அவர் அப்படித் தடவியதாக அவளுக்கு நினைவில்லை.

"இத நகத்தாதீங்க மாப்பிள்ளை," என்றார் குழறலாக. "மழையில நிறுத்துற வண்டியா இது? நான் இல்லத்துலயே இருந்துக்குறேன்."

வயிரவன் முகம் மலர்ந்தது. "மாமாவுக்குத் தெரியுது பாரு."

சீட்டில் சில துளிகள் விழுந்திருந்தன. அவன் அப்பச்சியின் தோளிலிருந்த துண்டை எடுத்து அவற்றை ஒற்றினான். எடுக்க வசதியாக அப்பச்சி தோளைச் சாய்த்துக் கொடுத்தார்.

மீனாள் அப்பச்சிக்கு மூன்று முறை சுற்றினாள். நெற்றியில் பொட்டிட்டாள். சுற்றிய நீரை வாசலில் கொட்ட வேண்டும். வாசலில் பின்சீட்டு இருந்தது.

குடைக்கு அடியில் கையை விட்டுத் தட்டைக் கவிழ்த்தாள்.

சிவப்பு நீர் வெள்ளைத் தோலில் பரவி, தையல்களுக்குள் இறங்கியது. வயிரவன் கையிலிருந்து குடை நழுவியது. அப்பச்சி வண்டி, வண்டி என்று அழுதார்.

மீனாள் குடையை எடுத்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"இப்ப எறக்குங்க," என்றாள். "இனி நனைஞ்சா என்ன?"