காது கிள்ளும் பயிற்சி

1

இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். கற்பனையெல்லாம் இல்ல, கைப்பயிற்சி. உடைஞ்ச கண்ணாடி டம்ளர் ஒரு பொண்ணோட வலது கட்டைவிரல் நரம்பை அறுத்துடுச்சு. தச்சாங்க. கட்டுப் பிரிச்சதும் பிசியோதெரபி அக்கா, தினம் அந்தக் கையால பென்சில் பிடிச்சு எதையாவது எழுதுன்னுட்டாங்க. எதையாவதுன்னா எதை? அதான் இது.

(அந்தப் பொண்ணு யாருன்னு கேக்காதீங்க. 'அவ'ன்னே எழுதுறேன். 'நான்'னு எழுதினா பயமா இருக்கு.)

2

முதல் ஆரம்பம்: வானம் மெல்ல இருண்டு

வேணாம். விரல் இருக்குற நிலைமையில வானத்துக்கெல்லாம் செலவு பண்ண முடியாது.

இன்னொரு ஆரம்பம்: அவ துணி கிளிப்பை அமுக்கினா. கிளிப் வாயே திறக்கல. களிமண்ணை உருட்டினா, ரப்பர் பேண்டை விரல்ல மாட்டி விரிச்சா, மேசையில கொட்டின பட்டனைப் பொறுக்கினா. மத்த விரலெல்லாம் ஓடியாடி வேலை பாக்க, கட்டைவிரல் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உக்காந்திருந்துச்சு.

3

இப்போ அண்ணன் வரான். இப்படி ஒருத்தன் இருப்பானான்னு எழுதுற எனக்கே சந்தேகம்தான்.* அவ கிளிப்பைத் தூக்கி எறிஞ்சுட்டு அழுதப்போ, பக்கத்துல வந்து தலையைச் சாய்ச்சுக் காதை நீட்டினான்.

"இந்தா, இதைக் கிள்ளு."

கிள்ளினா. ராட்சசின்னு கத்தினான். அன்னியிலேருந்து தினம் சாயங்காலம் காதுப் பயிற்சி. கத்தல் கூடிக்கிட்டே போச்சு. நேத்து தரையில உருண்டு, இனிமே மூக்குக் கண்ணாடியை எதுல மாட்டுவேன்னு புலம்பினான். அவளுக்குப் பெருமை தாங்கல.

*மத்தபடி சார்ஜரைத் திருடுவான்.

4

[இங்க ஒரு சந்தோஷமான பகுதி. அவ பூட்டுல சாவியை விட்டுத் திருப்]

விட்டுட்டேன். பொய்.

இன்னிக்கு சமையல்கட்டுல அவன் அம்மாகிட்ட மெதுவா சொன்னது அவளுக்குக் கேட்டுடுச்சு.

"அவ கிள்ளுறது ஈ உக்காந்த மாதிரிகூட இல்லம்மா. நாளைக்கு டாக்டர் பாத்தா தெரிஞ்சிடும்."

அம்மா கழுவின தட்டையே திரும்பக் கழுவிட்டிருந்தாங்க.

நாளைக்கு டாக்டர் சாவி ஒண்ணைக் குடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாராம். அவர் இழுத்து, சாவி அவர் கையோட வந்துடுச்சுன்னா மறுபடி ஆபரேஷன். அவளுக்கெல்லாம் பயமில்ல. எனக்குத்தான்.

5

முடிவுகள்:

அவ அண்ணன்கூட சண்டை போடுறா. (காதையே குடுத்தவன்கிட்ட என்ன சண்டை?)

நாளைக்கு டாக்டர் லிஃப்ட்ல மாட்டிக்கிறார். (அடுத்த நாள் வெளிய வந்துடுவாரே.)

விரல் திடீர்னு சரியாகி (வெக்கமா இருக்கு, எழுதல.)

வேற ஒண்ணு தோணுது. பக்கத்துக் கட்டில்ல அவன் வாயைப் பொளந்துட்டுத் தூங்குறான். தூங்குறவன் நடிக்க மாட்டான்.

பென்சிலை வெக்கறேன். மிச்சத்தை நீங்க எழுதிக்கங்க. அலறல் கேட்டா என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும். கேக்கலன்னா அவசரப்பட்டு முடிச்சிடாதீங்க. அவனுக்கு இன்னொரு காது இருக்கு.