கன்ட்ரோல் லேகியம்

மார்கழிக் குளிரில் பண்ணைக் குடியிருப்பே கம்பளியைச் சுற்றிக்கொண்டு திரிந்தபோது, தெய்வாத்தாள் மட்டும் புழக்கடைத் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. பொங்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. அடிவயிற்றில் கிளம்பும் சூடு நெஞ்சைப் பிடித்து, கழுத்தில் ஏறி, காதுமடல் வரைக்கும் கொதித்துவிட்டுத் தானாகவே வடிந்துபோகும். அது போன பிறகு நனைந்த ரவிக்கையோடு உடம்பு வெடவெடக்கும். தீட்டு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பீடை ஒழிந்ததென்று மாரியாத்தா கோயிலில் தேங்காய் உடைத்தவள்தான் அவள். ஆத்தா பதிலுக்கு இதைக் கொடுத்துவிட்டாள். தூக்கம் போனது. பொறுமை போனது. புருஷன் சோற்றைப் பிசைகிற சத்தம்கூடப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் இப்படித்தான் பிசைந்தாரா என்று வெறித்துப் பார்ப்பாள். பாலுசாமி கையை மெதுவாக இலையை விட்டு எடுத்துக்கொள்வார்.

பாலுசாமிக்குப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் பீல்டுமேன் உத்தியோகம். பாத்தி பாத்தியாக எரு வைத்து, காயை எண்ணி, பஞ்சை நிறுத்துப் பார்க்கிற வேலை. மனைவியை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இது வியாதி இல்லை, வயசு, சில வருஷத்தில் போய்விடும் என்றாள். அடுத்த பஸ் வந்துவிடும் என்பதுபோல் சொன்னாள். ரோஸ் கலர் மிக்சர் ஒரு பாட்டில் கொடுத்தாள். தெய்வாத்தாள் அதைத் தொட்டி ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டாள். செம்பருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோட்டைமேட்டு உம்மல் குல்சும் அப்படி இல்லை. தலைமுறையாக லேகியம் கிண்டுகிற குடும்பம். நாலு பெண்கள் வாசலில் காத்திருக்க, இவளை உட்காரவைத்து, சூடு எங்கே கிளம்புகிறது, எங்கே போய் நிற்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அழுகை வருகிறதா என்று கேட்டபோதே தெய்வாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. நானும் இதில் வெந்து எழுந்தவள்தான் என்று குல்சும் அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். தண்ணீர்விட்டான் கிழங்கு போட்ட லேகியம், விடிகாலையில் நெல்லிக்காய் அளவு. தை பிறப்பதற்குள் தெய்வாத்தாள் தூங்க ஆரம்பித்தாள். பருப்பு பொங்காமல் வெந்தது.

பாலுசாமிக்குச் சந்தோஷம்தான். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத புத்தி. முன்பொரு தடவை ஒரு வியாபாரி பச்சைப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தான். போட்டவர்களெல்லாம் விளைச்சல் கூடியதாகச் சத்தியம் செய்தார்கள். பண்ணை ஆபீசர் ஒரு பாத்திக்குப் பொடி போட்டார், பக்கத்துப் பாத்தியை அப்படியே விட்டார். இரண்டிலும் ஒரே எடை. அந்த வருஷத்து மழையின் பெருமையைப் பொடி திருடிக்கொண்டிருந்தது. ஒன்றும் போடாமல் விடுகிற பாத்திக்குப் பண்ணையில் கன்ட்ரோல் என்று பெயர். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் பாலுசாமி, பக்கத்துப் பாத்தி என்னவாயிற்று என்பார். கோயில் பூசாரியிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மனைவியிடமும் கேட்டார்.

"எனக்கேதுங்க பக்கத்துப் பாத்தி?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. மாதாமாதம் சைக்கிளில் போய் ஜாடியை நிரப்பி வருவது அவர்தான். மாசியில் அவர் கோட்டைமேட்டுக்குப் போகவில்லை. சோறு வடிக்கத் தெரியாத மனுஷன், பண்ணைக் கொட்டகையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கருப்பட்டி, எள்ளு, சுக்கு, நெய் எல்லாம் போட்டுக் கிண்டி, கிழங்கை மட்டும் விட்டுவிட்டு ஜாடியில் அடைத்தார். இரண்டு முறை அடிப்பிடித்தது. பிறகு, சூடு திரும்பினால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே காத்திருந்தார்.

அவள் முன்னைவிட நன்றாகத் தூங்கினாள். குறட்டைகூட வந்தது. ஜெயித்தோம் என்று பாலுசாமிக்குத் தோன்றவேயில்லை. இப்போது தூக்கம் போனது அவருக்கு. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார். ஒரே ஒரு பாத்தியை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று ஆபீசர் சொல்வார். அதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு பங்குனியிலும் கிண்டினார்.

பங்குனிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகத் தெய்வாத்தாளின் தங்கை குழந்தையம்மாள் கோபியிலிருந்து வந்திருந்தாள். கல்யாணம் முடிந்த மறுநாள் சமையலறையில் குரலைத் தாழ்த்தி அக்காளிடம் சொன்னாள். அக்காளுக்கு முன்பே நின்று மூன்று வருஷம் ஆன பிறகு மறுபடி தீட்டுப் படுகிறதாம், நாற்றம் வேறு. வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள், கத்தி வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தெய்வாத்தாள் யோசிக்கவேயில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும், டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லி, லேகிய ஜாடியை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். குழந்தையம்மாளின் முகம் தெளிந்தது. ஜாடியைத் துணியில் கட்டிப் பைக்குள் வைத்தாள்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாலுசாமிக்கு எல்லாம் காதில் விழுந்தது. நின்ற பிறகு மறுபடி பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்று அந்த லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். கோபத்தில் இருந்த தெய்வாத்தாளின் காதில் அது ஏறவில்லை. அவர் காதில் ஏறியிருந்தது. மனைவியைப் புழக்கடைக்கு அழைத்தார்.

"அந்த ஜாடியக் குடுக்காத அம்மணி. அதுல கெழங்கு இல்ல."

அவளுக்குப் புரியவில்லை.

"மாசியிலிருந்தே இல்ல. உன்னையக் கன்ட்ரோல்ல வெச்சிருந்தேன்."

தெய்வாத்தாளுக்குத் தெரிந்த கன்ட்ரோல் ஒன்றே ஒன்றுதான். யுத்த காலத்துக் கன்ட்ரோல் கடை. வெயிலில் வரிசையில் நின்று வாங்கிய, கல்லும் புழுவும் கலந்த, உலையில் போட்டதும் தெருவே மூக்கைப் பொத்திய அரிசி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு மருந்திலும் அந்தச் சரக்கையே வாங்கிப்போட்டாரா என்று அவளுக்கு வாய் கோணியது.

"பொண்டாட்டிக்குக் கன்ட்ரோல் சரக்குங்களா?"

அதில்லை அதில்லை என்று பாலுசாமி பாத்திக் கதையைச் சொன்னார். பச்சைப் பொடியையும் பக்கத்துப் பாத்தியையும் சொன்னார். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாயிற்று. தான் எரு போடாத பாத்தி என்பது அவளுக்கு விளங்கியது. விடிகாலையில் பல்கூட விளக்காமல் தன் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததெல்லாம் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப நாந் தூங்குனது பொய்யிங்களா?"

"பொய்யில்ல. தூங்குன. நாம் பாத்தனே."

"ஆரு கிண்டுனது?"

"நாந்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது. அந்தக் கையால் எப்படிப் பாகு பதம் பார்த்தார் என்று கேட்கவும் தோன்றியது. இரண்டையும் செய்ய நேரமில்லை. உள்ளே தங்கை பையோடு இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் பின்னால் போயிற்று. நின்ற பிறகு பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்று லேடி டாக்டர் சொன்னதைப் பாலுசாமி ஞாபகப்படுத்தினார். அவர் வேலை மெனக்கெட்டு விளையாடியிருக்காவிட்டால், குழந்தையம்மாள் நிஜக் கிழங்கு ஜாடியோடு பஸ் ஏறியிருப்பாள். தானே அவளை ஏற்றிவிட்டிருப்போம்.

சமையலறைக்குப் போய்ப் பையிலிருந்து ஜாடியை எடுத்தாள்.

"ஏனக்கா? உனக்கு இந்த மருந்து கேட்டுச்சுன்னு சொன்ன?"

"கேட்டுது. எனக்குக் கேட்டுது," என்றாள் தெய்வாத்தாள், வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்தபடி. "உனக்கு ஆஸ்பத்திரிதான். சீலை மாத்து. நானும் கூட வாரேன்."

"கத்தி வெப்பாங்களாக்கா?"

"தெரியாது கண்ணு."

குழந்தையம்மாள் சேலை மாற்றப் போனாள். பாலுசாமி ஜட்கா பிடித்துவந்து வாசலில் நிறுத்தினார். தெய்வாத்தாள் ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றபோது, மூன்று மாதமாகத் தலைகாட்டாத சூடு அடிவயிற்றில் கிளம்பியது. நெஞ்சைப் பிடித்தது. கிழங்கு இல்லாததால் வருகிறதா, இல்லை என்று தெரிந்ததால் வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. பண்ணை ஆபீசரைக் கேட்டாலும் தெரியாது. மூடியைத் திறந்து, நெல்லிக்காய் அளவு கிள்ளி, பாலுசாமி பார்க்கப் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜட்கா புறப்பட்டது. தங்கையின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு தெய்வாத்தாள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வாய் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சூடு இறங்கியதா என்று கேட்கத் துணிவில்லாமல், வண்டிக்குப் பின்னால் பாலுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தார்.